அட்டை விளையாட்டும் அயல்நாட்டுப் போட்டியும்



'சீட்டு' என்ற சொல் காதில் விழுந்தாலே நம் தோட்டப்புறத் தாய்மார்களுக்கு வயிறு கலங்கும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சம்பள நாள் இரவில் லயத்துக் கோடியில் விரித்த பாயின்மேல், ஒரு மாதம் பால் வெட்டிச் சம்பாதித்த பணம் விடிவதற்குள் கைமாறிப் போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆகவே, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் வந்து, "அம்மா, நான் அட்டை விளையாட்டில் ஜெயித்திருக்கிறேன். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும்" என்று சொன்னால், அந்தத் தாய் முதலில் பயப்படுவாள், பிறகு கோபப்படுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பயப்படுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா? அந்த விளையாட்டு என்ன? அது சூதாட்டமா? போட்டி எப்படி நடக்கிறது? ஒரு பிள்ளை அதற்காகக் கடல் கடந்து போவதென்றால் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை யாவை? இவற்றைத்தான் இன்றைய பேச்சில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

சாதாரணச் சீட்டுக் கட்டு நமக்குத் தெரியும். அதில் 52 சீட்டுகள். ஒரே கட்டிலிருந்து எல்லாருக்கும் பிரித்துப் போடுவார்கள். நான் சொல்லும் விளையாட்டில் அப்படியல்ல. ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கட்டைத் தாமே தொகுத்து எடுத்துவர வேண்டும். ஆயிரக்கணக்கான அட்டைகள் அச்சாகி விற்பனைக்கு வருகின்றன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படம், அதன் கீழே அந்த அட்டை என்ன செய்யும் என்ற விளக்கம். எதை எடுப்பது, எதை விடுவது, எந்த அட்டையோடு எது சேரும் என்று யோசித்துத் தொகுப்பதுதான் பாதி விளையாட்டு. சேகரித்து ஆடுவதால் இதனைச் சேகரிப்பு அட்டை விளையாட்டு என்கிறோம்.

இதன் முன்னோடி 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டு. அதை உருவாக்கியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர். மறு ஆண்டே, 1994இல், மில்வாக்கி நகரில் அதற்கு முதல் உலகப் போட்டி நடந்தது. 1996இல் ஜப்பானில் 'போக்கிமான்' அட்டை விளையாட்டு தோன்றியது. 1999இல் அது ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்குப் போயிற்று. இன்று நம் பிள்ளைகள் புத்தகப் பைக்குள் வைத்திருக்கும் அட்டைகள் பெரும்பாலும் இந்தப் போக்கிமான் அட்டைகளே.

போக்கிமான் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருடைய கட்டில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும். அடிப்படைச் சக்தி அட்டைகளைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டைக் கலைத்து, ஏழு அட்டைகளைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். ஆறு அட்டைகளைப் பரிசு அட்டைகளாகக் கவிழ்த்து வைப்பார்கள். தம் முறை வரும்போது ஓர் அட்டை எடுக்கலாம். தம் உயிரினத்துக்கு ஒரு சக்தி அட்டை சேர்க்கலாம். உதவி அட்டைகளைப் பயன்படுத்தலாம். பிறகு எதிராளியின் உயிரினத்தைத் தாக்கலாம். ஒன்றை வீழ்த்தினால் பரிசு அட்டை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றவர்.

"அப்படியானால் எந்த அட்டை வருகிறதோ அதுதானே முடிவு? அதிர்ஷ்டம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 அட்டைகளில் நமக்கு வேண்டிய அட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுக்கும் ஏழு அட்டைகளில் அது வருவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு வாய்ப்பு. அதே அட்டை நான்கு இருந்தால், ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 40 ஆக உயர்கிறது. ஆகவே எதை எத்தனை வைக்க வேண்டும் என்பது வெறும் ஆசையல்ல, கணக்கு. மழை வருமா என்பது நம் கையில் இல்லை. ஆனால் மானம் கறுத்திருக்கும் காலையில் மரம் வெட்டப் போவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்வது அனுபவம். இந்த விளையாட்டும் அப்படித்தான். வருவது நம் கையில் இல்லை. வந்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

சரி, இது சூதா? சூதில் ஆடுகிறவர்கள் பணயம் வைக்கிறார்கள். தோற்றவன் பணம் வென்றவன் மடியில் விழுகிறது. போட்டியில் அப்படியில்லை. பதிவுக் கட்டணம் கட்டினால் கட்டினதுதான். மேசைமேல் பணம் வைப்பதில்லை. பரிசைத் தருபவர்கள் போட்டி நடத்துநர்கள். மேஜிக் போட்டி விதிகளில், ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுவதே குற்றம். "நீ விட்டுக்கொடு, பரிசில் பாதி தருகிறேன்" என்று பேசினாலும் தண்டனை உண்டு. வெற்றி யாருக்கு என்று நாணயம் சுண்டி முடிவு செய்துகொள்வதும் கூடாது. இந்த அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

ஆனால், நேயர்களே, சூதின் நிழல் ஓரிடத்தில் விழுகிறது. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு நன்மை செய்தவன் ஆகமாட்டேன். அட்டைகளை மூடிய பொட்டலமாக விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். அரிய அட்டை வரும் வரும் என்று பொட்டலத்துக்கு மேல் பொட்டலமாக வாங்கும் பிள்ளை, எண் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பெரியவரைப் போன்றவனே. 2023ஆம் ஆண்டில் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி அச்சான ஒரு மேஜிக் அட்டை கனடாவில் ஒருவருக்குக் கிடைத்தது. அதைப் பல இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு பிரபலப் பாடகர் வாங்கினார். இப்படிப்பட்ட செய்தி ஊரெல்லாம் பரவும். வெறும் பொட்டலம் பிரித்த இலட்சோப இலட்சம் பேரைப் பற்றி எந்தச் செய்தியும் வராது.

போட்டிக்குத் தயாராகும் பிள்ளை பொட்டலம் வாங்க வேண்டியதில்லை. கடையில் வேண்டிய அட்டையைத் தனித்தனியாக வாங்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே அட்டை, சாதாரணமாகவும் அச்சாகும், பளபளப்பான அலங்காரப் படத்தோடும் அச்சாகும். அலங்கார அட்டைக்குப் பத்து மடங்கு விலை சொல்வார்கள். ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே பலம்தான். வெல்ல வேண்டும் என்றால் சாதாரண அட்டையே போதும். மேலும், முக்கியப் போட்டிகளில் பழைய அட்டைகள் காலப்போக்கில் விலக்கப்படும். அட்டையின் அடியில் உள்ள சிறு ஆங்கில எழுத்தைப் பார்த்து அது செல்லுமா செல்லாதா என்று அறியலாம். எனவே இது ஒருமுறைச் செலவல்ல, ஆண்டுதோறும் வரும் செலவு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்து, அதைப் பிள்ளையின் கையாலேயே நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இனிப் போட்டி நடக்கும் முறையைப் பார்ப்போம். பந்து விளையாட்டில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அட்டைப் போட்டியில் பெரும்பாலும் 'சுவிஸ் முறை'யைப் பின்பற்றுகிறார்கள். 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் முதலில் கையாளப்பட்டதால் இந்தப் பெயர். இதில் ஒரு சுற்றில் தோற்றவரும் அடுத்த சுற்றில் ஆடலாம். வென்றவர் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் மோதுவார்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி, தோல்விக்குப் புள்ளி இல்லை. 128 பேர் கலந்துகொண்டு, சமநிலை ஏதும் இல்லாவிட்டால், ஏழு சுற்று முடிவில் ஒரே ஒருவர்தான் எல்லாவற்றிலும் வென்றவராக இருப்பார். அதன்பின் அதிகப் புள்ளி பெற்றவர்கள் மட்டும் இறுதிக் கட்டத்துக்குப் போவார்கள்.

ஒரு மோதல் என்பது பெரும்பாலும் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்வது. நேரம் வழக்கமாக 50 நிமிடம். கட்டிலுள்ள அட்டைகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலுக்கும் கட்டுக்கும் ஓர் அட்டை வித்தியாசம் இருந்தாலும் தண்டனை உண்டு. அட்டைகளுக்குப் போடும் உறையில் கீறலோ மடிப்போ இருந்தால், அடையாளம் வைத்து ஆடுகிறான் என்ற சந்தேகம் வரும். ஐயம் எழுந்தால் கையைத் தூக்கி நடுவரை அழைக்கலாம். நம் பிள்ளைகளிடம் ஒரு குறை: பெரியவர்களைக் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். நடுவரைக் கூப்பிடுவது மரியாதைக் குறைவல்ல, அது ஆட்டக்காரரின் உரிமை என்று சொல்லிக் கொடுங்கள்.

போக்கிமான் உலகப் போட்டி 2004இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் தொடங்கியது. இப்போது நகரம் மாறி மாறி நடக்கிறது. 2022இல் லண்டன், 2023இல் ஜப்பானின் யோக்கோஹாமா, 2024இல் ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலு, 2025இல் கலிபோர்னியாவின் அனாஹெய்ம். வயதை வைத்து இளையோர், நடுத்தரத்தார், மூத்தோர் என்று மூன்று பிரிவுகள். பணம் கட்டினால் மட்டும் இதில் ஆட முடியாது. உள்ளூர்ப் போட்டிகளில் தொடங்கிப் படிப்படியாகத் தகுதி பெற்று அழைப்புப் பெற வேண்டும்.

2024இல் ஹொனலூலுவில் மூத்தோர் பிரிவில் வென்றவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ சிஃபுவெந்தஸ். அவருக்கு வயது 18. பரிசு 50,000 அமெரிக்க டாலர். நாடு திரும்பியபின் சிலி அதிபரே அவரைத் தம் மாளிகைக்கு அழைத்துப் பாராட்டினார்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேஜிக் தொழில்முறைப் போட்டி ஒன்று கோலாலம்பூரிலேயே நடந்தது. பல நாட்டு ஆட்டக்காரர்கள் இங்கு வந்தார்கள். அமெரிக்கரான ஜான் ஃபின்கெல் வென்றார். அதற்கு முன்பே, 2005இல், மலேசியரான டெர்ரி சோ லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, அழைப்புப் பெற்ற சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் மோதும் போட்டியில் வாகை சூடினார். அந்தப் போட்டியில் வென்றவரின் யோசனையை வைத்து ஒரு புதிய அட்டை அச்சிடுவது அப்போது வழக்கமாக இருந்தது. அவ்வாறே 2006இல் அவருக்குரிய அட்டை வெளிவந்தது. நம் நாட்டவர் ஒருவரின் எண்ணத்தில் பிறந்த அட்டையை உலகெங்கும் பிள்ளைகள் கையில் வைத்து ஆடினார்கள்.

சரி, பிள்ளைக்கு அழைப்பு வந்துவிட்டது. அடுத்து என்ன? முதலில் அழைப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். சிலருக்குப் பயணச் செலவும் தருவார்கள்; சிலருக்கு ஆடும் உரிமை மட்டும் உண்டு, செலவு நம்முடையது. இரண்டும் ஒன்றல்ல. தெரியாமல் நகையை அடகு வைத்துவிடாதீர்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, பத்திரங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடப்பிதழ் எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். 12 வயது நிரம்பியவருக்கு அடையாளக் கார்டும் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் தாயோ தந்தையோ பாதுகாவலரோ உடன் வர வேண்டும். நம் மக்களில் சிலர் பிள்ளை பிறந்ததைக் காலத்தில் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் கோவிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைச் சட்டப்படி பதிவதில்லை. அதன் வலி அன்று தெரியாது. பிள்ளை வளர்ந்து, பரீட்சை எழுதும்போதும், வேலைக்குப் போகும்போதும், இப்படி ஒரு வாய்ப்பு வந்து கதவைத் தட்டும்போதும்தான் தெரியும். திறமை இருந்தும் ஒரு தாள் இல்லாததால் ஒரு பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவே பெட்டியைத் திறந்து, எல்லாப் பிள்ளைகளின் பத்திரங்களும் இருக்கின்றனவா, பெயரின் எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். குறை இருந்தால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள்.

மூன்றாவது, விசா. ஜப்பானுக்குச் சுற்றுலாவாகச் செல்லும் மலேசியருக்குக் குறுகிய காலத்துக்கு விசா தேவையில்லை. பிரிட்டனுக்கு 2025ஆம் ஆண்டு முதல் மின்னியல் பயண அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவுக்கு மலேசியர் கட்டாயம் விசா பெற வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இணைய அனுமதி போதும். அமெரிக்க விசாவுக்கு நேர்காணல் உண்டு. நாள் கிடைக்கக் காத்திருக்க நேரலாம். மறுத்துவிட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. ஆகவே விசா கைக்கு வரும்முன் பணத்தைத் திருப்பித் தராத விமானச் சீட்டை வாங்கக் கூடாது. விமானச் சீட்டிலுள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று வரும். அந்தச் சாய்கோட்டைப் பயணப் பதிவில் எழுத முடியாமல் போகலாம். எப்படி எழுதுவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுச் செய்யுங்கள்.

நான்காவது, எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டையொட்டி, நல்ல வேலை என்ற பொய்யை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய்ச் சிக்கிக்கொண்ட மலேசிய இளைஞர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டோம். வெளிநாடு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. உண்மையான அழைப்பு, பிள்ளை ஆட்டக்காரராகப் பதிந்திருக்கும் அதிகாரப்பூர்வக் கணக்கிலும் தெரியும். முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அழைத்து, "பணத்தை என் கணக்கில் போடுங்கள், கடப்பிதழை என்னிடம் கொடுங்கள்" என்றால் அது போட்டியல்ல, பொறி. வயது குறைந்த பிள்ளையைப் பொறுப்பான பெரியவர் துணையின்றி அனுப்பவே கூடாது.

பயணத்துக்கும் சில குறிப்புகள். போட்டிக் கட்டைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்து, பெட்டி தவறினால் போட்டியும் தவறும். அமெரிக்காவுக்குள் இறைச்சி உணவு, பழம், விதை முதலியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. எந்த உணவு கொண்டுபோனாலும் சுங்க அதிகாரியிடம் அறிவித்துவிட வேண்டும். நேர வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள். நமக்குத் திங்கட்கிழமை நண்பகல் என்றால் ஹொனலூலுவில் அப்போதுதான் ஞாயிறு மாலை ஆறு மணி. போட்டிக்கு முந்திய நாள் போய் இறங்கினால் பிள்ளை மேசையிலேயே தூங்கி விழுவான். இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போவது நல்லது. உலகப் போட்டி பெரும்பாலும் ஆகஸ்டு மாதத்தில் வரும். பள்ளி நடக்கும் காலமாக இருந்தால் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, விட்டுப்போகும் பாடங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையைக் காரணம் காட்டிப் படிப்பை விடுவதற்கு எந்தப் பெற்றோரும் இடம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 128 பேர் போனால் 127 பேர் கோப்பை இல்லாமல்தான் திரும்புவார்கள். வீட்டு வாசலில் நின்று, "இவ்வளவு செலவு செய்து போனாயே, என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். மொழி தெரியாத ஒருவரோடு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, விதியை மதித்து ஆடி, தோற்றாலும் கைகுலுக்கிவிட்டு எழுந்து வந்த பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. அதே சமயம், குடும்பத்தால் முடியாத செலவென்றால், "இந்த ஆண்டு முடியாது, தம்பி" என்று கணக்கைக் காட்டி நேராகச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை தாங்கிக்கொள்வான். காரணம் சொல்லாமல் அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டால்தான் அவன் மனம் ஒடியும்.

பாயில் விரித்த சீட்டு நம் பெரியவர்கள் பலரின் வாழ்வைக் குலைத்தது உண்மை. அந்தப் பயம் நம்மை எச்சரிக்கையாக இருக்கச் செய்யட்டும். பிள்ளையின் பேச்சைக் கேட்கவிடாமல் காதை அடைத்துவிட வேண்டாம். அடுத்த முறை அவன் அந்த அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னப்பா, எனக்கும் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள்.